எண்ணெய் பாட்டிலையும் தராசில் வையுங்கள்
வாசகர் கேள்வி – பதில்

பதினோரு வருடமாக, நடுவில் ஓர் எட்டு மாதம் போக, தினமும் சாப்பிடுவதைக் கலோரிக் கணக்காக எழுதி வருகிறேன் என்று போன இதழில் போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். அதற்கு இவ்வளவு கடிதம் வரும் என்று தெரிந்திருந்தால் கொஞ்சம் ஜாக்கிரதையாக எழுதியிருப்பேன். பாதிப் பேர் ‘எப்படி?’ என்கிறார்கள், மீதிப் பேர் ‘எதற்கு?’ என்கிறார்கள்.

நான் டாக்டர் இல்லை, டயட்டீஷியனும் இல்லை. முப்பது வருடம் தணிக்கை வேலையில் அடுத்தவர் கணக்கில் பிழை தேடிச் சம்பளம் வாங்கியவள். என் தட்டையும் அதே கண்ணோடுதான் பார்க்கிறேன். சர்க்கரைக்கு மருந்து எடுப்பவர்கள், கர்ப்பிணிகள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் முதலில் உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். அப்புறம் இதைப் படியுங்கள்.

கேள்வி: தினமும் 1,500 கலோரிக்கு மேல் போனதே இல்லை. எல்லாவற்றையும் ஆப்பில் குறிக்கிறேன். ஆனால் ஐந்து மாதமாக எடை அப்படியே நிற்கிறது. என் உடம்பு வாகே அப்படியா?

பதில்: உடம்பைச் சந்தேகப்படுவதற்கு முன்னால் நோட்டைச் சந்தேகப்படுங்கள் அம்மா.

1992-ல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் என்ற மருத்துவ இதழில் ஓர் ஆய்வு வந்தது. ‘1,200 கலோரிகூடச் சாப்பிடுவதில்லை, ஆனாலும் குறையவில்லை’ என்று சொன்ன பத்துப் பேரை எடுத்துக்கொண்டு, அவர்கள் உடம்பு எவ்வளவு செலவழிக்கிறது, நிஜத்தில் எவ்வளவு உள்ளே போகிறது என்று அளந்தார்கள். உடம்பில் ஒரு கோளாறும் இல்லை. சாப்பிட்டதில் 47 சதவீதம் கணக்கிலேயே வரவில்லை. அதாவது எழுதியதைப் போலக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு சாப்பிட்டிருக்கிறார்கள். அவர்கள் பொய்யர்கள் என்று எனக்குத் தோன்றவில்லை. நானும் அப்படித்தான் இருந்தேன்.

ஆரம்பித்தபோது என் எடை 81 கிலோ. இரண்டு மாதத்தில் 77-க்கு வந்தேன். அப்புறம் அசையவே இல்லை. நோட்டில் ஒவ்வொரு நாளும் ‘எண்ணெய், 1 டீஸ்பூன், 40’ என்று அழகாக எழுதியிருக்கும். ஒரு சனிக்கிழமை காலை, பழைய தொழில் புத்தியில், சமைப்பதற்கு முன்னால் எண்ணெய் பாட்டிலைத் தூக்கித் தராசில் வைத்தேன். 742 கிராம். எப்போதும் போலச் சாய்த்து ஊற்றினேன், மறுபடியும் வைத்தேன். 725. பதினேழு கிராம் போயிருந்தது. எண்ணெய் என்பது முழுக்கக் கொழுப்பு, கிராமுக்கு 9 கலோரி. நாற்பது என்று நான் எழுதியது நிஜத்தில் 153. காலையும் மாலையும் இப்படி ஊற்றினால் ஒரு நாளைக்கு 200 கலோரிக்கு மேல் கணக்கில் வராமல் போகிறது. வேலையில் இருந்தபோது வேறொருவர் ஏட்டில் இப்படிக் கண்டுபிடித்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பேன்!

அன்றைக்கே அரிசியையும் பிடித்தேன். அரிசியைப் பச்சையாக நிறுப்பேன், ஆப்பில் ‘வேகவைத்த சோறு’ என்ற வரியைத் தேர்ந்தெடுப்பேன். வேகாத அரிசி 100 கிராமுக்குச் சுமார் 360 கலோரி. வெந்த சோறு தண்ணீரைக் குடித்துக் கனத்துவிடுவதால் 100 கிராமுக்குச் சுமார் 130 தான். 80 கிராம் அரிசியில் நான் விட்டது 180-க்கு மேல். பாஸ்தா, ஓட்ஸ், பருப்பு, இறைச்சி எல்லாவற்றிலும் இந்தப் பச்சை, வெந்தது குழப்பம் உண்டு. எதை நிறுத்தீர்களோ அதே வரியைத் தேர்ந்தெடுக்கிறீர்களா என்று இன்றைக்கே பாருங்கள்.

இன்னும் மூன்று இடங்கள் பாக்கி. சமைக்கும்போது ருசி பார்ப்பது, பிள்ளைகள் தட்டில் மிச்சம் வைத்ததை வீணாக்க மனசில்லாமல் வாயில் போடுவது, டீயில் விழும் பாலும் சர்க்கரையும். யாரும் இதையெல்லாம் சாப்பாடு என்று நினைப்பதில்லை.

இவ்வளவும் சரியாக இருந்தும் நிற்கிறது என்றால், ஆப்பில் உங்கள் எடையை எப்போது போட்டீர்கள் என்று பாருங்கள். ஓய்வில் உடம்பு செலவழிப்பதைக் கணக்கிட நிறைய இடங்களில் பயன்படுவது 1990-ல் வந்த மிஃப்லின்–செயின்ட் ஜியார் சூத்திரம். அதில் ஒவ்வொரு கிலோவுக்கும் ஒரு நாளைக்கு 10 கலோரி. பன்னிரண்டு கிலோ குறைந்திருந்தால் சும்மா படுத்திருக்கும்போதே 120 கலோரி செலவு குறைந்துவிட்டது. பழைய பட்ஜெட்டையே வைத்துக்கொண்டு புது உடம்பை நடத்தப் பார்த்தால் எடை நிற்கத்தான் செய்யும்.

கேள்வி: இதை வாழ்நாள் முழுக்கச் செய்ய வேண்டுமா? இரண்டு வருடமாக எழுதுகிறேன். விட்டுவிட ஆசை, விட்டால் ஏறிவிடுமோ என்று பயம்.

பதில்: இந்தப் பயம் எனக்கு நன்றாகவே தெரியும். என் கதையைச் சொல்கிறேன், எது பொருந்துகிறதோ எடுத்துக்கொள்ளுங்கள்.

முதல் வருடம் தராசில் ஏறாமல் எதுவும் என் வாயில் போகவில்லை. பதினான்கு மாதத்தில் 68 கிலோ. எல்லோரும் பாராட்டினார்கள், கெடுதல் அங்கேதான் தொடங்கியது. இரண்டாவது வருடம் இலக்கை 1,100 என்று நானே குறைத்துக்கொண்டேன். யாரும் சொல்லவில்லை, எண் சின்னதாக இருந்தால் நல்லது என்று ஒரு எண்ணம், அவ்வளவுதான். ராத்திரி படுக்கையில் மறுநாள் சாப்பாட்டை ஆப்பில் போட்டுப் பார்ப்பேன், அழிப்பேன், மறுபடி போடுவேன். சமையல் வீடியோ பார்த்துக்கொண்டே தூங்குவேன், ஒன்றையும் சமைக்க மாட்டேன்.

எனக்கு என்னவோ ஆகிவிட்டது என்று நினைத்தேன். பின்னால்தான் மினசோட்டா பரிசோதனையைப் பற்றிப் படித்தேன். இரண்டாம் உலகப் போர் முடியும் நேரத்தில், 1944–45-ல், ஆன்செல் கீஸ் என்ற விஞ்ஞானி ஆரோக்கியமான 36 இளைஞர்களை ஆறு மாதம் அரைப்பட்டினியில் வைத்தார். அவர்களுக்குக் கிடைத்தது தினம் சுமார் 1,570 கலோரி. கொஞ்ச நாளில் அவர்கள் பேச்சு, கனவு எல்லாம் சாப்பாடு. சமையல் புத்தகம் சேர்க்க ஆரம்பித்தவர்களும் உண்டு. அதைப் படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது, கூடவே கொஞ்சம் அழுகையும். எனக்கு மனக்கோளாறு இல்லை, எனக்குப் பசி!

நான்காவது வருடம் எரிச்சலில் ஒரேயடியாக விட்டேன். எட்டு மாதத்தில் ஐந்து கிலோ ஏறியது. ஒரே மாதத்தில் ஏறியிருந்தால் கவனித்திருப்பேன். மாதம் அரைக் கிலோவுக்குக் கொஞ்சம் கூட என்று வந்ததால் கண்ணில் படவே இல்லை.

அப்புறம்தான் தணிக்கைப் பாடம் ஞாபகத்துக்கு வந்தது. பெரிய அலுவலகத்தில் தணிக்கைக்குப் போனால் எல்லா ரசீதையும் பார்க்க மாட்டோம், பார்க்கவும் முடியாது. மாதிரிக்குச் சிலதை எடுப்போம். தவறு நடக்கும் இடம் எது என்று அனுபவத்தில் தெரியும், அங்கே மட்டும் ஒன்றுவிடாமல் பார்ப்போம். இப்போது சாப்பாட்டிலும் அதையே செய்கிறேன். தினமும் எழுதுகிறேன், ஆனால் தராசு ஏறுவது எண்ணெய், பாதாம் போன்ற கொட்டைகள், அரிசி மூன்றுதான். காய், பழம், முட்டை எல்லாம் கண்மதிப்பு. வருடத்துக்கு இரண்டு தடவை, இரண்டிரண்டு வாரம், எல்லாவற்றையும் நிறுத்துப் பார்க்கிறேன். ஒவ்வொரு தடவையும் கண் எங்கேயாவது ஏமாற்றியிருக்கும். போன முறை பிடிபட்டது சீஸ். முப்பது கிராம் என்று நான் வெட்டிக்கொண்டிருந்த துண்டு 52.

எழுதுவது என்பது எழுதும் எண்களைவிட எழுதும் செயலில்தான் வேலை செய்கிறது என்பது என் கட்சி. 2008-ல் அமெரிக்காவில் வந்த ஒரு பெரிய ஆய்வில், கிட்டத்தட்ட 1,700 பேரில், தினமும் சாப்பாட்டைக் குறித்தவர்கள் குறிக்காதவர்களைப் போல இரண்டு மடங்கு எடை குறைத்தார்கள். நேரமும் ஒன்றும் கொள்ளை போகாது. 2019-ல் வந்த இன்னொன்றில், நன்றாகக் குறைத்தவர்கள் முதல் மாதம் இதற்குத் தினம் 23 நிமிடம் செலவழித்தார்கள், ஆறாவது மாதம் 15 நிமிடம்கூட இல்லை. எனக்கு இப்போது நான்கு நிமிடம். பல் தேய்ப்பதற்கும் அவ்வளவுதான் ஆகிறது.

ஆகவே உங்களுக்கு: விட வேண்டாம், தளர்த்துங்கள். எடை மட்டும் வாரம் இரண்டு முறை பாருங்கள். இரண்டு கிலோவுக்கு மேல் ஏறினால் தராசை வெளியே எடுங்கள். ஆனால் எழுதாத நாளில் சாப்பிடவே பயமாக இருக்கிறது, அளக்க முடியாத சாப்பாடு என்றால் பட்டினியே மேல் என்று தோன்றுகிறது என்றால், அது வேறு விஷயம். அப்போது நோட்டை மூடிவிட்டு ஒரு மருத்துவரையோ மனநல ஆலோசகரையோ பாருங்கள்.

கேள்வி: கையில் கட்டும் வாட்ச் இன்றைக்கு 480 கலோரி எரித்தேன் என்கிறது. அதைச் சாப்பிட்டுக்கொள்ளலாமா?

பதில்: வேண்டாம் தம்பி. 2017-ல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஏழு வகை வாட்ச்சுகளைச் சோதித்தார்கள். இதயத் துடிப்பைப் பெரும்பாலும் நன்றாகவே சொல்லின. கலோரியில் இருப்பதிலேயே நல்லதுகூட 27 சதவீதம் தப்பு, மோசமானது 93 சதவீதம். வாட்ச்சை நேரம் பார்க்க வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: வீட்டில் ஐந்து பேர், ஒரே பாத்திரத்தில் சமையல். என் பங்கு எவ்வளவு கலோரி என்று எப்படிக் கண்டுபிடிப்பது? ஆப்பில் இருக்கும் ‘காய்கறி சூப், 1 கப்’ என் சமையலுக்குச் சரிவரவில்லை.

பதில்: சரிவராதுதான், அது வேறு யாரோ சமைத்தது. இதற்கு ஒரு வழி இருக்கிறது, முதல் வாரம் தொல்லை, அப்புறம் கை தானாகச் செய்யும்.

வீட்டில் அடிக்கடி சமைக்கும் பாத்திரங்களைக் காலியாக நிறுத்து, எடையை ஒரு தாளில் எழுதி அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டிவிடுங்கள். சமைக்கும்போது உள்ளே போவதைப் பச்சையாக நிறுங்கள். என் நோட்டிலிருந்து ஒரு நாளை எடுக்கிறேன். பருப்பு 200 கிராம், 700 கலோரி. காய்கறி 500 கிராம், 150. எண்ணெய் 30 கிராம், 270. மொத்தம் 1,120. தண்ணீருக்கு ஒன்றுமில்லை. சமைத்து முடித்ததும் பாத்திரத்தோடு தூக்கி வைத்தேன், 2,240 கிராம். காலிப் பாத்திரம் 640. ஆக உள்ளே இருப்பது 1,600 கிராம். 1,120-ஐ 16-ஆல் வகுத்தால் 100 கிராமுக்கு 70 கலோரி. அப்புறம் என் கிண்ணத்தைத் தராசில் வைத்துப் பூஜ்யமாக்கினேன், ஒரு கரண்டி ஊற்றினேன், 180 கிராம். எழுதியது 126.

மற்ற நான்கு பேர் எவ்வளவு எடுத்தார்கள் என்று நீங்கள் பார்க்கவே வேண்டாம், அதுதான் இதில் வசதி. அடுத்த தடவை ஏறக்குறைய அதே அளவில் செய்தால் 70 என்றே வைத்துக்கொள்ளுங்கள். நூடுல்ஸ் அவித்து நீரை வடித்தால் மாவுச்சத்து கொஞ்சம் அதோடு போகும், அதற்காகத் தலையை உடைத்துக்கொள்ளாதீர்கள்.

பிளாஸ்டிக் தராசு மேல் கொதிக்கிற பாத்திரத்தை அப்படியே வைக்காதீர்கள். கீழே ஒரு மரப்பலகை போட்டுப் பூஜ்யமாக்கிவிட்டு வையுங்கள். என்னுடைய முதல் தராசு அப்படித்தான் போயிற்று.

கேள்வி: வாரம் முழுக்க ஒழுங்காக இருந்து ஞாயிற்றுக்கிழமை ஒரு விருந்து. திங்கட்கிழமை காலை ஒன்றரைக் கிலோ ஏறியிருந்தது! மனசு விட்டுப்போய் மூன்று நாளாக எழுதவில்லை.

பதில்: ஒரு கிலோ கொழுப்பில் சுமார் 7,700 கலோரி இருக்கிறது. ஒன்றரைக் கிலோ கொழுப்பு சேர வேண்டுமென்றால் வழக்கத்துக்கு மேலே 11,500 கலோரி தின்றிருக்க வேண்டும். என்னதான் விருந்து என்றாலும் உங்களால் முடியாது. ஏறியது பெரும்பாலும் தண்ணீர். மாவுச்சத்து நிறையச் சாப்பிட்டால் உடம்பு அதைக் கிளைகோஜனாகச் சேர்த்துவைக்கும், ஒவ்வொரு கிராமோடும் சுமார் மூன்று கிராம் தண்ணீரும் ஒட்டிக்கொள்ளும். உப்பும் தண்ணீரைப் பிடித்துவைக்கும். செரித்து முடியாத சாப்பாட்டுக்கே எடை இருக்கிறது. வியாழக்கிழமைக்குள் இறங்கிவிடும், அனேகமாக இதைப் படிக்கும்போதே இறங்கியிருக்கும்.

விருந்தைவிட அந்த மூன்று நாள்தான் உங்களுக்கு நஷ்டம். கணக்கு எழுதுகிறவர்களிடம் சஸ்பென்ஸ் கணக்கு என்று ஒன்று உண்டு. எந்தத் தலைப்பில் போடுவது என்று தெரியாத தொகையை அதில் போட்டுவிட்டு வேலையைத் தொடர்வார்கள். நானும் ஒரு வரி வைத்திருக்கிறேன், ‘விருந்து, 1,200’. உத்தேசம்தான், 1,600 கூட இருந்திருக்கலாம். ஏட்டில் பக்கம் காலியாக விடுவதைவிட உத்தேசம் மேல். வாரத்தின் ஏழு நாளையும் கூட்டிப் பாருங்கள், ஒரு நாளை மட்டும் பார்க்காதீர்கள்.

கேள்வி: இந்தக் கலோரி எண்களையெல்லாம் யார் கண்டுபிடித்தது? நம்பலாமா?

பதில்: அமெரிக்க வேதியியலாளர் வில்பர் அட்வாட்டர். 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில், ஆள் உள்ளே போய் நாள்கணக்கில் தங்கும் ஓர் அறையைக் கட்டி, சாப்பிட்டது, மூச்சில் போனது, வெளியேறிய சூடு, கழிவு எல்லாவற்றையும் அளந்தார். கிராமுக்குப் புரதம் 4, மாவுச்சத்து 4, கொழுப்பு 9 என்று வைத்து இன்றைக்கும் பாக்கெட்டில் கலோரி அச்சாகிறதே, அதெல்லாம் அவர் வழியில் வந்ததுதான். எடை குறைக்கக் கலோரி எண்ணுவதை நாடெல்லாம் பரப்பியவர் லுலு ஹண்ட் பீட்டர்ஸ் என்ற பெண் மருத்துவர், 1918-ல். தானே குண்டாக இருந்து குறைத்தவர். எனக்கு அவர் மேல் கொஞ்சம் பாசம் உண்டு.

நம்பலாமா என்றால், ஏறக்குறைய. பாதாமை 2012-ல் அமெரிக்க வேளாண் துறை விஞ்ஞானிகள் சோதித்தபோது 28 கிராமிலிருந்து உடம்புக்குக் கிடைத்தது 129 கலோரிதான், வழக்கமான கணக்கில் அது 170-ஐத் தொடும். மெல்லும்போது முழுதாக உடையாமல் கொஞ்சம் அப்படியே வெளியே போய்விடுகிறது. பாக்கெட்டில் போட்டிருக்கும் கலோரியைவிட நிஜம் 20 சதவீதம் வரை கூடினாலும் அமெரிக்க விதி அனுமதிக்கிறது. ஆனால் தராசு தினமும் ஒரே அளவு தப்பாகக் காட்டினால் அதை வைத்தே வியாபாரம் நடத்திவிடலாம். ஒருநாள் கூட்டி ஒருநாள் குறைத்துக் காட்டினால்தான் தொல்லை. நோட்டும் அப்படித்தான்.

கேள்வி: பதினைந்து வயது மகள் தானும் கலோரி ஆப் போடுகிறேன் என்கிறாள். எடை சரியாகத்தான் இருக்கிறது. அனுமதிக்கலாமா?

பதில்: கூடாது. உண்ணுதல் கோளாறு உள்ள 105 பேரிடம் 2017-ல் கேட்டதில், நான்கில் மூன்று பேர் ஒரு பிரபலக் கலோரி ஆப்பைப் பயன்படுத்தியிருந்தார்கள். அவர்களில் 73 சதவீதம் பேர், தங்கள் நோயில் அதற்கும் பங்கு உண்டு என்று சொன்னார்கள். ஆப் நோயை உண்டாக்கியது என்று இதை வைத்துச் சொல்லிவிட முடியாது, ஆனால் வளரும் பிள்ளை கையில் கொடுத்துச் சோதித்துப் பார்க்கும் சாமான் இல்லை இது. 46 வயதில் ஆரம்பித்த நானே 1,100-க்குப் போனவள். ஏன் கேட்கிறாள், யார் என்ன சொன்னார்கள் என்று உட்காரவைத்துப் பேசுங்கள். உங்கள் ஆப்பையும் அவள் முன்னால் திறக்காதீர்கள்.

கேள்வி: என் மனைவி சாப்பாட்டு மேசையில் போனை எடுத்துவைத்துக்கொண்டு ஒவ்வொன்றையும் குறிக்கிறாள். யார் வீட்டுக்குப் போனாலும் இதே கதை. எனக்குக் கூச்சமாக இருக்கிறது. எப்படிச் சொல்வது?

பதில்: நீங்கள் சொல்ல வேண்டாம் ஐயா, இந்தப் பக்கத்தைத் திறந்து மேசையில் வைத்துவிடுங்கள்.

அம்மா, அந்த இரண்டாவது வருடம் நான் என் தோழி வீட்டுக்குச் சாப்பிடப் போனேன். பரிமாறிக்கொண்டிருந்தவளிடம், “இதில் எண்ணெய் எத்தனை ஸ்பூன் விட்டாய்?” என்று கேட்டேன். கையில் போனை வைத்துக்கொண்டு, ரசீது கேட்கிற மாதிரி. அவள் கரண்டியைப் பாத்திரத்திலேயே விட்டுவிட்டு எதிரில் உட்கார்ந்தாள். “காலையிலிருந்து நின்னு செஞ்சேன்டி” என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். அன்றைக்கு என்ன சாப்பிட்டேன் என்று ஆப்பில் முழுசாக இருக்கிறது. என்ன ருசி என்று ஞாபகமே இல்லை.

அதிலிருந்து அடுத்தவர் வீட்டில் போன் பையை விட்டு வெளியே வராது. ராத்திரி வீட்டுக்கு வந்து ஒரே வரி, ‘தோழி வீடு, 900’. ஒன்பது வருடமாக அதே 900 தான். போன மாதம் அவளாகவே கேட்டாள், “எங்க வீட்டுச் சாப்பாட்டுக்கு என்னடி எழுதுற?” சொன்னேன். “எப்பவும் 900-ஆ? போன தடவை இனிப்பு வேற செஞ்சேனே, அதுக்கு ஒண்ணுமில்லையா?” என்று கோபித்துக்கொண்டாள். சரி என்று அவள் கண் முன்னாலேயே போனை எடுத்து 1,050 என்று மாற்றினேன்.